கண்ணாயி வீட்டு வழியில் கிடந்த முள்

மழைக்காலத்தில் ஈர விறகை எரியவைப்பது எனக்கு நன்றாக வரும். ஜப்பான் யுத்தம் வந்தபிறகு மலைக்குத் தீப்பெட்டி வருவதில்லை. அடுப்பு அணைந்துபோனவர்கள் ஓட்டுச் சில்லோடு எங்கள் வாசலுக்கு வருவார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கங்கு அள்ளிப் போடுவேன். எனக்குப் பேச வராது. பேச நினைப்பதையெல்லாம் நோட்டில் எழுதி, சாமைக் குதிருக்குள் ஒளித்துவைப்பேன். இது ஏழாவது நோட்டு.

முதல் நோட்டை மட்டும் மற்றவர்கள் படித்துவிட்டார்கள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. இன்ஸ்பெக்டர் வந்த அன்று வாத்தியார் சாக்குக்கட்டியை மூன்று முறை கீழே போட்டதையும், என் அம்மா மாட்டுக்கொட்டகையில் போய் அழுவதையும் அதில் எழுதியிருந்தேன். கண்ணாயியிடம் மட்டும் படிக்கக் கொடுத்தேன். எனக்கு இருந்த சினேகிதி அவள் ஒருத்திதான். பையில் என்ன என்று வாத்தியார் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர் வகுப்பில் உரக்கப் படித்தார். அம்மா அழும் இடம் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாயியும் சிரித்தாள்.

"ஏன் குடுத்தே?" என்று கேட்டேன்.

"வாத்தியார் கேட்டாரு புள்ள. குடுக்காம எப்புடி இருக்கறது?"

"அடிச்சாரா?"

"இல்ல. கேட்டாரு, அவ்வளவுதான்."

மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் சொன்ன பதில்தான் எனக்குள் தங்கிவிட்டது. ஒருவர் கேட்டால் மற்றவர் ஏன் கொடுக்கிறார்? அதைப் பற்றியே ஐந்து நோட்டு எழுதினேன். ஒருநாள் ஃபாரஸ்ட் கார்டு எதிரே வந்தபோது அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி நின்றார். ஏன் என்று கேட்டேன்.

"சட்டைக்கு நிக்கறேன் கண்ணு. உள்ள இருக்கறவன் பொடிப்பயல்தான்" என்றார்.

சட்டைக்குள் ஆளே இல்லாவிட்டாலும் நிற்பார்களா என்று அன்று எழுதிவைத்தேன்.

எங்கள் திருப்புலி நாட்டில், மலையூர்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கவுண்டர் ஒரு வீட்டை விலக்கிவைத்தால் வாயால் சொல்வதில்லை. விடிவதற்குள் அந்த வீட்டு வழியின் குறுக்கே இலந்தை முள் ஒன்றை வெட்டிப் போடுவார்கள். அதன்பிறகு அந்த வீட்டுக்கு நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, பேச்சு இல்லை. யார் போட்டது, எதற்கு என்று கேட்கக்கூடாது. கேட்டவர் வழியிலும் முள் விழும். அடுத்து நாட்டுப் பெரியவர்கள் பஞ்சாயத்துக் கூடும்போது தப்பை ஒப்புக்கொண்டால் முள்ளை எடுப்பார்கள்.

யாரும் சொல்லாமலே முள் விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, நானே ஒன்றை வெட்டி முதலில் ஒரு களத்து வழியில் போட்டுப் பார்த்தேன். நான்கு நாள் அந்தப் பக்கம் ஆடுகூட ஓட்டவில்லை. ஆனால் அங்கே யாரும் குடியில்லை, அதனால் அது சரியான சோதனை ஆகாது. பிறகு கண்ணாயி வீட்டு வழியில் போட்டேன். அவளைக் கட்டிய செங்கோடன் வீடு எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்து எழுதலாம். வேறு காரணம் இல்லை. அவள் நிறைமாதம். அதையும் குறித்திருக்கிறேன்.

ஊர்க்கவுண்டர் அப்பாசாமி காலையில் அந்தப் பக்கம் வந்தார். முள்ளைப் பார்த்தார், பெரிய கவுண்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். ஊற்றில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"என்ன பண்ணினாளோ."

"பண்ணாமயா முள்ளு விழும்?"

மூன்றாம் நாள் அவள் செய்த தப்பு என்ன என்பதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோயில் பலாவில் கைவைத்துவிட்டாளாம்.

ஐந்தாம் நாள் மழையில் அவள் அடுப்பு அணைந்தது. ஓட்டுச் சில்லோடு எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றாள்.

"பெருமாயி, ரெண்டு கங்கு போடு புள்ள. யாரும் பாக்கல."

நான் தலையைக் குனிந்துகொண்டு அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

"எதுக்குன்னே தெரியல. மசக்கையில கோயில் பலாவுல ஒரு சொளை தின்னுட்டேன். அதுவாத்தான் இருக்கும், இல்ல?"

நான் காத்திருந்தேன். என் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் கங்கு போட்டிருப்பேன், முள்ளையும் எடுத்திருப்பேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நன்றாக யோசித்தாள். ஆனால் நோட்டு அவள் நினைவுக்கே வரவில்லை.

"செரி புள்ள. ஒன்னயச் சொல்லிக் குத்தமில்ல" என்று போய்விட்டாள்.

ஏழாம் நாள் உச்சிப்பொழுதில் வலி கண்டது. பிரசவம் பார்க்கும் அத்தாயியைச் செங்கோடன் கூட்டிவந்தான். அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு முள் வரைக்கும் வந்து நின்றுவிட்டாள்.

"தாண்டி வாங்க பெரீம்மா."

"காலு எழமாட்டேங்குது சாமி. பெரிய கவுண்டருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துரு. ஓடு."

அவன் ஓடினான். பெரிய கவுண்டர் ஊர் இரண்டு குன்று தள்ளி. அத்தாயி முள்ளுக்கு இந்தப் பக்கம் மழையில் உட்கார்ந்துகொண்டு, "முக்கு கண்ணு, மூச்சை விட்டுராத, முக்கு" என்று கத்திக்கொண்டே அழுதாள். அந்த முள் ஒரு சீமாற்றின் கனம்கூட இருக்காது. நான்தானே தூக்கிவந்தேன், எனக்குத் தெரியும்.

கண்ணாயி முதலில் அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். பிறகு அத்தாயியை. பிறகு என்னைக் கூப்பிட்டாள், மூன்று தடவை. அதன்பின் சத்தம் இல்லை. குழந்தையின் சத்தமும் வரவில்லை.

பொழுது சாயும்போது செங்கோடன் திரும்பிவந்தான். முள் போடச் சொல்லவே இல்லை என்று பெரிய கவுண்டர் சொன்னாராம். முள்ளை எடுத்தார்கள், இரண்டு பேரையும் ஒரே குழியில் வைத்தார்கள். போட்டது யார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதுதானே வழக்கம்.

ஆகையால் நானே எழுதிவைக்கிறேன். முள்ளை வெட்டியது நான், போட்டதும் நான். ஆனால் அவளைக் கொன்றது நான் இல்லை. ஊரில் பத்தொன்பது வீடு. யாராவது ஒருவர் காலைத் தூக்கி வைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். கேட்டால் கொடுத்துவிடுகிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள், கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

நீ ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அவள் மூன்றாம் தடவை கூப்பிட்டபோது நான் எழுந்து வழிவரைக்கும் போனேன். குறுக்கே முள் கிடந்தது. முள் கிடக்கும்போது எப்படிப் போவது?