பெருக்காமல் விட்டிருக்கலாம்

"நாம அன்னிக்கு லயத்து வீடுங்களப் பெருக்காம விட்டிருக்கணும், அக்கா."

பாயா ரும்புட்டிலிருந்து மலாக்கா டவுனுக்குப் போன பஸ்ஸில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ரப்பர் தோட்டத்துப் பெண் சொன்னாள். பக்கத்தில் இருந்த மூத்தவளின் மடியில், காய்ச்சலில் துவண்ட குழந்தை.

"கவர்மெண்டு பெரிய டாக்டர் வர்றாருன்னா, குப்பையாவா போட்டு வைக்கிறது?"

"லயம் இடிஞ்சு கெடக்கு, சீக்கு பரவுதுன்னு டவுன் சங்கத்துக்காரங்க கெஞ்சித்தானே அவரக் கூட்டியாந்தாங்க? நாம என்னடான்னா சாணி மெழுகி, கோலம் போட்டு, சுவத்து ஓட்டைய எல்லாம் பாயி வச்சு மறைச்சோம்."

"அவரு கண்ணுல படக்கூடாதுன்னு சீக்காளிங்களையும் ரப்பர் காட்டுக்குள்ள உக்கார வச்சோம்."

"வந்தாரு, எளநி குடிச்சாரு, ரொம்பச் சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. புது லயமும் வரல, தோட்டத்துக்கு மருந்து ரூமும் வரல."

ஆஸ்பத்திரி நெருங்கியதும் மூத்தவள் முந்தானையால் குழந்தையின் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூட்டையை அவிழ்த்துத் தீபாவளிச் சட்டையை எடுத்தாள்.

"வேணாங்க்கா. இருக்கறபடியே டாக்டருக்குக் காட்டுங்க."

பஸ் நின்றது. மூத்தவள் சட்டையைப் போட்டுவிடவும் இல்லை, மூட்டைக்குள் வைக்கவும் இல்லை. கையில் பிடித்தபடியே இறங்கிப் போனாள்.