கார்த்திகை முடியட்டும் என்றோம்

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பீங்கான் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் அண்ணன் ராஜ்மோகன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும், மறைந்த ஆனந்தராஜ் அண்ணனின் அக்கா அன்புக்கரசி அம்மா அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் சூளைத் தொழிலாளத் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் மைக் செட் சக்கரபாணியின் வணக்கம்.

இந்த ஊர் மேடைகளில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போகிறவன் நான். பேச ஏறியது இன்றைக்குத்தான். ஆனந்தராஜ் அண்ணனின் பாட்டுகளையெல்லாம் பதிவு செய்தவன் என்பதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

கிட்டார் கலைஞர், பாடலாசிரியர், பாடகர் ஆனந்தராஜ்! அவர் ஒரு மேடையிலாவது ஏறினாரா? ஒரு போட்டோவுக்காவது நின்றாரா? எனக்குப் பின்னால் இருக்கும் ஃபிளெக்ஸைப் பாருங்கள். கிட்டார் இருக்கிறது, முகம் இல்லை. "தம்பிக்குப் புடிக்காதுங்க" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதையாவது கேட்டோமே!

அவருடைய ஸ்டுடியோ எது தெரியுமா? ராஜ்மோகன் அண்ணன் கம்பெனியின் பெரிய சூளை. சரக்கைச் சுட்டு இறக்கி, சூடு ஆறிய பிறகு, காலிச் சூளைக்குள் ஸ்டூல் போட்டு உட்காருவார். வாசலில் நான் ஒயரும் மெஷினுமாக உட்கார்ந்திருப்பேன். என் கடையில் பஞ்சு ஒட்டிய ரூம் இருக்கிறது, அங்கே வாங்க என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்! "உன் ரூமுல பாட்டு செவுத்துக்குள்ள போயிடுது சக்கரபாணி. சூளைக்குள்ள பாடுனாதான் எங்கிட்ட திரும்பி வருது" என்பார். ஜங்ஷனில் சரக்கு ரயில் கிளம்பினால் நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட வரியிலிருந்து தொடங்குவார். இரண்டாவது ஆல்பத்தில் ஒரு ஹாரன் சத்தம் தப்பி உள்ளே வந்துவிட்டது. வெட்டட்டுமா என்றேன். "இருக்கட்டும்யா, அதுவும் நம்ம ஊருதானே" என்றார்.

அந்த ஆல்பங்களைக் கேட்டுவிட்டு பெங்களூரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் தேடி வந்தார்கள். நாம் என்ன செய்தோம்? பெருமையாக அவர் வீடு வரைக்கும் கூட்டிப்போய்க் கதவைத் தட்டினோம். கூட்டம் என்றாலே அவருக்கு ஆகாது என்று தெரிந்தும் தட்டினோம். அவர் பின்வாசல் வழியாகப் போய்ச் சூளைக் கொட்டகையில் உட்கார்ந்துகொள்வார். இந்த ஊரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆறிய சூளை!

ஐப்பசியில் புது ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். முதல் சரணம் முடிந்து இரண்டாவதில் இருந்தார். அந்த நேரம் பார்த்து, சுட வேண்டிய அகல்விளக்குகள் வண்டி வண்டியாக வாசலுக்கு வந்துவிட்டன. கார்த்திகை தீப ஆர்டர். "மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்று கை காட்டி நிறுத்தியவன் நான்தான்.

அதற்குப் பிறகு சூளை ஆறவே இல்லை. சாயந்திரமானால் அண்ணன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். சூளைச் சுவரில் கை வைத்துப் பார்ப்பார். சுடும். "கார்த்திகை முடியட்டும்ணே" என்றார் ராஜ்மோகன் அண்ணன். நானும் சொன்னேன். சரக்கு அடுக்குகிற தோழர்களும் சொன்னார்கள். அவர் கோபப்பட்டாரா? "ஆவட்டும்பா, பொழப்பப் பாருங்க" என்று திரும்பிப் போனார். தீபத்துக்கு முந்தின வாரம் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

நாம் யாரும் கெட்டவர்கள் இல்லை. சூளை நின்றால் எத்தனை வீட்டில் உலை நிற்கும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மனசு ஆறமாட்டேன் என்கிறது. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பாட்டுக்காக அந்தச் சூளையை நாம் ஆறவிட்டிருக்கக் கூடாதா?

சென்னையில் ஒரு கம்பெனிக்காரர்கள், மிச்சப் பாட்டைக் கம்ப்யூட்டரிலேயே அவர் குரலில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அதை இங்கே அறிவிக்கத்தான் என்னை மேடையேற்றினார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்தது. பாட்டு முடிந்துவிட்டால் நம் தப்பும் மறைந்துவிடும் அல்லவா? ஏறுவதற்கு முன்னால் அக்காவிடம் கேட்டேன். "அரகொறையா இருந்தா இருந்துட்டுப் போவட்டும் தம்பி. அவன் பாடாதத அவன் பாடுனான்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்கள்.

மறைந்தவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது இந்த மாதிரிக் கூட்டங்களின் வழக்கம். அண்ணன் விட்ட பாட்டைத் தொடர நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அதில் ஒரு எழுத்துகூடச் சேர்க்க விடமாட்டேன். இதுதான் என் உறுதி. தலைவர் அவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்போது அந்தப் பாட்டைப் போடப் போகிறேன். இரண்டாவது சரணத்தில் பாதி வரியில் நின்றுவிடும். ஒயர் கழன்றுவிட்டது என்று யாரும் எழுந்து ஓடி வர வேண்டாம். செட்டில் ஒரு கோளாறும் இல்லை. நிறுத்தியது நாம்தான்.