கைக்கண்ணாடியில் மூன்று பேர்

— அன்னைக்கு அந்த பத்மகுமார் உன்கிட்ட என்னதான் கேட்டான், பிரேமா? ஒரு வார்த்தை விடாம சொல்லு.

— எத்தனை தடவை மைனி? "டீச்சர், என் நீது வீட்டுல வாயே தொறக்க மாட்டேங்கா, இங்கயாவது பேசுவாளா?"ன்னாரு. முதல்ல இங்கிலீஷ் சத்தம் வரட்டும், பேச்சு தன்னால வரும்னேன்.

— அதுக்கு அவன்?

— "நான் என்ன செய்யணும்?"னாரு. சனிக்கிழமை அப்பாவோ அம்மாவோ பிள்ளை பக்கத்துல உட்காரணும், அதுதான் நம்ம கிளாஸ் முறைன்னேன். அம்மா தவறிட்டான்னாரு. அப்ப நீங்க வாங்கன்னேன்.

— சரி, வந்தான். உட்கார்ந்துட்டுப் போக வேண்டியதுதானே? நீ என்னத்துக்கு நடுவுல தலைய நீட்டுன?

— தொண்டை கம்மிப் போச்சு மைனி. சண்டைய நாளைக்கு வச்சுக்கலாமா?

— சண்டை இல்லட்டி. இந்தா, சுக்கு காப்பி. கால நீட்டிக்கிட்டுக் குடி. குடிச்சுக்கிட்டே சொல்லு.

— 'ஆப்பிள்'னா வாய் எவ்வளவு தொறக்கணும், 'ஈட்'னா உதடு எப்படி இழுபடணும்னு பிள்ளைங்க கண்ணாடியில பார்த்துத்தான் படிக்கணும். மத்ததுகளுக்கு அப்பா வாய் தெரிஞ்சா போதும். நீதுவுக்கு என் வாயும் தெரிஞ்சாத்தான் சத்தமே வரும்.

— உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதுல மூணு தலை!

— பெரிய கண்ணாடி வாங்கணும்னு நானும் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்?

— கிண்டலா? மூணு தலையும் முட்டிக்கிட்டு இருந்தத எதிர்வீட்டு மங்கலம் ஜன்னல் வழியாப் பார்த்திருக்கா. அவ பார்த்தா இந்த ஆரியசாலைத் தெருவே பார்த்த மாதிரி. இன்னைக்கு மாவு மில்லுல வச்சு, "வடிவம்மா, உன் தம்பி பொண்டாட்டி கிளாஸுல குடும்பப் பாடமும் உண்டோ?"ங்கா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— "உன் பேரன் இன்னும் முட்டைய 'யெக்'குன்னுதான் சொல்லுகான், முதல்ல அதப் போய்ப் பாரு"ன்னேன்.

— அந்தப் பயலோட மல்லுக்கட்டியே எனக்குப் பாதி உசிரு போயிருச்சு.

— பேச்ச மாத்தாத. என் தம்பி செல்வமணி போய்ச் சேர்ந்த பெறவு உன்ன ஒரு சொல்லு சொல்லியிருப்பனா?

— இல்ல மைனி.

— நாகர்கோவிலுக்கே போறேன்னு நீ பெட்டி கட்டினப்போ, "அவன் இல்லேன்னா என்ன, நான் இருக்கேன்லா"ன்னு இந்த முன்னறைய கிளாஸுக்கு ஒழிச்சுத் தந்தது யாரு?

— நீங்கதான். அதை எப்படி மறப்பேன்?

— உன்னப் பத்தி ஒருத்தி வாயில வரக் கூடாது, கேட்டியா? அதான் பத்மகுமாருக்கு நானே போன் போட்டேன். இனி வர வேண்டாம், பிள்ளைய வேற எங்கயாவது சேர்த்துக்கிடுங்கன்னு சொல்லிட்டேன்.

— எப்போ?

— இப்பத்தான். நீ பிள்ளைங்கள அனுப்பிக்கிட்டு நின்னப்போ.

— அவரு... என்ன சொன்னாரு?

— "சரி அக்கா"ன்னான். போன்ல அவனுக்குப் பின்னால அந்தப் பிள்ளை தனியா "ஹென், பென், டென்"னு சொல்லிக்கிட்டுக் கிடந்துச்சு.

— வீட்டுலயா மைனி? வாய் தொறக்காத பிள்ளையா?

— அதுதான் எனக்கும் மனசப் பிசையுது. ஏட்டி, அழுகியா? உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்!

— தெரியும் மைனி. எனக்கு உங்க மேல கோவம் வரல. வந்தா நல்லாருக்கும்.

— பின்ன என்ன, சொல்லித் தொலையேன்.

— ஓணத்துலேருந்து உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னு இருக்கேன். கிளாஸ் முடிஞ்சா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி ஆயிரும். சரி, நாளைக்குக் கேட்போம்னு படுத்துருவேன். அலுப்பு பாதி, பயம் பாதி.

— வீட்ட விட்டுப் போறேன்னு மட்டும் சொல்லிராத பிள்ளே. எனக்குத் தாங்காது.

— என் கல்யாணத்துல தாலிக்கு மூணாவது முடிச்சு போட்டது நீங்க. மாப்பிள்ளை வீட்டு நாத்தனாரா என் பின்னால நின்னு போட்டீங்க.

— அது எதுக்கு இப்போ?

— எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு மைனி. திரும்பவும் போன் போடுங்க. இந்தத் தடவை பொண்ணு வீட்டுக்காரியா நின்னு நீங்களே பேசுங்க.