பென்ஷன் ஆபீஸ்காரர்

அனார்குல்: மெதுவா பேசுங்கண்ணே. படியில பேசினா நாலாவது மாடி வரைக்கும் கேக்கும்.

தௌலத்: மெதுவாத்தான் பேசுறேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன்.

அனார்குல்: பெரிய பொய்யெல்லாம் இல்ல. பென்ஷன் ஆபீஸ்லேர்ந்து வர்றேன்னு ஒரு வார்த்தை...

தௌலத்: அதுக்குப் பேரு என்னம்மா? நான் இன்சூரன்ஸ் ஆபீஸ். உன் தம்பி மக்சத் எடுத்த பாலிசிக்கு உங்கம்மாதான் நாமினி. அவங்க கையெழுத்து இல்லாம க்ளெய்ம் நகராது. அதுவும் எதுக்குப் போடுறோம்னு தெரிஞ்சு போடணும். அதைப் பாக்கத்தான் என்னை வீடு வரைக்கும் அனுப்பியிருக்காங்க.

அனார்குல்: தெரிஞ்சா தாங்க மாட்டாங்கண்ணே. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணியிருக்கு. அதிர்ச்சியே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

தௌலத்: மகன் செத்தது இன்னுமா தெரியாது?

அனார்குல்: ஆபரேஷன் நடந்த வாரத்துலதான் கணவாய்ல அவன் லாரி உருண்டுச்சு. அம்மா இங்க பிஷ்கெக் ஆஸ்பத்திரியில மயக்கத்துல கெடந்தாங்க. நான் ஊருக்குப் போய் அவனை அடக்கம் பண்ணிட்டு, மூஞ்சி கழுவிட்டு, திரும்பி வந்து கட்டில் பக்கத்துல உக்காந்தேன்.

தௌலத்: மகன் எங்கன்னு கேக்கலையா?

அனார்குல்: ரஷ்யாவுல, வடக்கே வேலை கெடச்சுப் போயிட்டான், அங்க போன் எடுக்காதுன்னு சொன்னேன். ஒரு தடவைதான் கேட்டாங்க. அப்புறம் கேக்கல.

தௌலத்: நாமினியா மனைவி பேரைப் போட்டிருக்கலாமே.

அனார்குல்: கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது. மாத்தணும் மாத்தணும்னு சொல்லிட்டே இருந்தான். அவன் பொண்டாட்டி குல்சதா இப்ப ரெண்டு குழந்தைங்களோட பொறந்த வீட்டுல ஒண்டியிருக்கா. அவளுக்காகத்தான் அலையிறேன். எனக்கு அதுல ஒரு சோம் காசு கூட வேண்டாம்.

தௌலத்: ஆபீஸ் விதின்னு ஒண்ணு இருக்கும்மா...

அனார்குல்: உங்களுக்கு அம்மா இருக்காங்களா?

தௌலத்: அதை எதுக்கு இழுக்கற? ... சரி. எந்த ஆபீஸ்னு நீயே சொல்லிக்க. நான் வாயத் திறக்க மாட்டேன். ஆனா, இது என்ன பேப்பர்னு அவங்க கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன்.

அனார்குல்: கேக்க மாட்டாங்க. கேட்டாலும் நான் பேச்சை மாத்திடுவேன். வாங்க, இதான் கதவு.

சைராகுல்: யாருடி அது, படியிலயே குடித்தனம் நடத்திட்டு வர்றது?

அனார்குல்: பென்ஷன் ஆபீஸ்காரரும்மா. உன் விலாசம் மாறியிருக்குல்ல, அதுக்கு ஒரு கையெழுத்து வேணுமாம்.

சைராகுல்: நாம தேடிப்போனா நாளைக்கு வா-ங்கற ஆளுங்க. இப்ப வீடு தேடி வர்றாங்களா? காலம் நல்லாத்தான் இருக்கு. உக்காருப்பா. உன் பேரு?

தௌலத்: தௌலத்.

சைராகுல்: எந்தக் குலம்?

தௌலத்: சாயாக்.

சைராகுல்: சாயாக்கா? என் சின்ன மாமியார் சாயாக்தான். செத்தாலும் பொய் சொல்ல மாட்டா. அதனாலயே வீட்டுல தினம் ஒரு சண்டை. என்ன, சிரிக்க மாட்டேங்கற? அனார், டீ ஊத்து. கிண்ணம் நெறைய ஊத்தாதடி, எழுந்து போன்னு சொல்றதா நெனைச்சுக்கப் போறாரு. ஆப்ரிகாட் ஜாமை எடு. அது இல்ல, கண்ணாடி ஜாடியில இருக்கறது.

தௌலத்: இருக்கட்டும்மா. எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகணும்.

சைராகுல்: பூட்ஸ் நனைஞ்சிருக்கு, காயட்டும். கல்யாணம் ஆச்சா?

அனார்குல்: அம்மா, அவரு தலையில பாதி நரைச்சிருக்கு. ஆகாமயா இருக்கும்?

சைராகுல்: நரைச்சவனுக்கெல்லாம் ஆயிடுச்சா? உன் பெரியப்பா மகனைப் பாரு.

தௌலத்: ஆச்சும்மா. மூணு பொண்ணுங்க.

சைராகுல்: நல்லது. பொண்ணுங்கதான் கூட இருந்து பாப்பாங்க. இவளைப் பாரு. நான் மூச்சு விடறதை எண்ணிட்டு உக்காந்திருக்கா. சரி, எங்க போடணும்?

தௌலத்: இங்க. அப்புறம் பின்பக்கம் ஒண்ணு. கண்ணாடி போட்டுக்கறீங்களா? ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு...

அனார்குல்: அவங்களுக்குக் கண்ணு வலிக்கும்ணே. வெறும் விலாசம்தானே.

தௌலத்: அம்மா, ஏதாவது கேக்கணும்னா கேளுங்க. நான் சொல்றேன்.

சைராகுல்: நீ விரலை வெச்சுக் காட்டு, போதும். ... ம். கொஞ்சம் கோணலா வந்துடுச்சு. பரவாயில்லையா?

தௌலத்: பரவாயில்ல. இங்க இன்னொண்ணு. அவ்ளோதான். அடையாள அட்டைக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும்.

அனார்குல்: ஐயோ, அதை நீங்க சொல்லவே இல்லையே.

சைராகுல்: கீழ கடை இருக்குல்ல. போய் எடுத்துட்டு வா.

அனார்குல்: அவரு போகும்போது நானே கூடப் போய் எடுத்துக் குடுத்துடறேன்.

சைராகுல்: டீ குடிச்சுட்டு இருக்கறவரை எழுப்புவியா? நான் ஒண்ணும் அவரைத் தின்னுட மாட்டேன். போ. சால்வையைப் போத்திக்க.

அனார்குல்: ... அண்ணே, அம்மாவை ரொம்பப் பேச விடாதீங்க. இதோ வந்துடறேன்.

சைராகுல்: போயிட்டாளா? கதவு சாத்தின சத்தம் கேட்டுச்சா?

தௌலத்: கேட்டுச்சும்மா.

சைராகுல்: இன்னொரு வாய் டீ ஊத்திக்க.

தௌலத்: அம்மா... எதுல கையெழுத்துப் போட்டீங்கன்னு நீங்க கேக்கவே இல்ல.

சைராகுல்: கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பே. உன் மூஞ்சிய வாசல்லயே பாத்துட்டேன். அவ முன்னாடி உன்னைச் சொல்ல வெச்சு என்ன பண்றது? அவ நொறுங்கிப் போயிடுவா.

தௌலத்: அப்போ உங்களுக்கு...

சைராகுல்: ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்தாங்கப்பா. தையல் வலிக்குதா, மாடு கன்னு போட்டுச்சா, உருளைக்கெழங்கு தோண்டியாச்சா, எல்லாத்தையும் விசாரிச்சாங்க. மக்சத்தைப் பத்தி மட்டும் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. உயிரோட இருக்கறவனைப் பத்தி யாராவது கேக்காம இருப்பாங்களா? முதல்ல இவ சொல்லட்டும்னு இருந்தேன். அப்புறம் பாத்தா, என்னைச் சாப்பிட வைக்கறதுக்காக இவளும் தட்டுல போட்டுட்டு உக்காருறா. நான் அழுதா இவ சாப்பிடறதும் நின்னுடும்னு விட்டுட்டேன். எப்படிப் போனான்?

தௌலத்: கணவாய்ல ஐஸ் பிடிச்சிருந்துச்சு. லாரி பள்ளத்துல உருண்டுடுச்சு.

சைராகுல்: வலியோட கெடந்தானா?

தௌலத்: இல்லைன்னு டாக்டர் எழுதியிருக்காரு.

சைராகுல்: எழுதியிருக்கறது நெசமா?

தௌலத்: நெசம்மா. நான் அங்க போய் விசாரிச்சேன். அது என் வேலை. பின்னாடி வந்த வண்டிக்காரரு இறங்கி ஓடிப்போய்ப் பாத்திருக்காரு. அதுக்குள்ள உயிர் இல்ல.

சைராகுல்: ... ம். எந்த நாள்? அதைத்தான் யார்கிட்டயும் கேக்க முடியல.

தௌலத்: அக்டோபர் ஒம்பது. வியாழக்கிழமை.

சைராகுல்: வியாழனா. நான் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமையைக் கணக்கு வெச்சு ஓதிட்டு இருக்கேன். அப்போ நாப்பதாம் நாள் எப்ப வருது?

தௌலத்: வர்ற திங்கக்கிழமை.

சைராகுல்: ஊர்ல ஆடு அடிச்சு, எல்லாரையும் கூப்பிட்டிருப்பாங்க. ... நீ குடிப்பா. ஆறிப்போச்சு பாரு.

தௌலத்: அம்மா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? தண்ணி தரட்டுமா?

சைராகுல்: ஒண்ணும் பண்ணல. புரிஞ்ச அன்னிக்குத்தான் பண்ணுச்சு. அது நர்ஸுக்கு மட்டும் தெரியும். அவ வர்றா, படியில செருப்புச் சத்தம்.

அனார்குல்: மூச்சு வாங்குது... இந்தாங்கண்ணே. ரெண்டு காப்பியா எடுத்துட்டேன். என்ன பேசிட்டு இருந்தீங்க?

சைராகுல்: அவரு பொண்ணுங்களைப் பத்தி. அனார், திங்கக்கிழமை நீ ஊருக்குப் போயிட்டு வந்துடு.

அனார்குல்: எதுக்கு?

சைராகுல்: என் கம்பளிக் கோட்டு அங்கதானே இருக்கு. குளிர் ஏறுதுல்ல.

அனார்குல்: இங்க என்னுது ஒண்ணு சும்மாதான் தொங்குது. போட்டுக்க.

சைராகுல்: எனக்கு என்னுதுதான் வேணும்.

அனார்குல்: அடுத்த வாரம் பாக்கலாம்மா. திங்கக்கிழமை முடியாது. உன்னைத் தனியா விட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்ல. யார் கூப்பிட்டாலும் வர முடியாதுன்னு சொல்லிட்டேன்.

சைராகுல்: யாரு கூப்பிட்டாங்க?

அனார்குல்: ... யாரும் இல்ல. சும்மா சொன்னேன்.

தௌலத்: நான் கெளம்பறேன்.

சைராகுல்: உக்காருப்பா, அவ கீழ வரைக்கும் வருவா. அனார், இங்க வா. கிட்ட வா. கையைக் குடு. போயிட்டு வாடி. தம்பியோட நாப்பதுக்குக் கூடப்பொறந்தவ இல்லைன்னா நல்லாருக்காது.