குருவையா சார் கடிச்ச இருவத்தேழு மார்க்கு

பெத்தவுக, வாத்தியாருக கூடியிருக்கிற பள்ளிக்கூடக் கூட்டத்துல மைக்கை எங்கிட்டக் குடுத்தது யாருய்யா? சரி... குடுத்தாச்சு, இனிமே புடுங்க முடியாது. நான் எட்டாங்கிளாஸை ரெண்டு தடவ படிச்சவன். அதனால உங்க எல்லாரையும் விட எட்டாங்கிளாஸ் எனக்கு நல்லாத் தெரியும். சிரிக்காதீக டீச்சர், நெசம்.

முன்னாடி பேசுன தம்பி என்ன சொன்னாரு? "கொரோனா வந்தப்ப வாத்தியாருகளுக்கு ஜாலி, வீட்டுல ஒக்காந்து கொழுத்தாக"ன்னாரு. அப்படியா? எனக்குத் தெரிஞ்ச ஒரு வாத்தியார் சங்கதி இருக்கு. சின்னதுதான். கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள சொல்லி முடிச்சிருதேன்.

எங்க பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்துல குருவையான்னு ஒரு கணக்கு சாரு. பத்தாங்கிளாஸுக்கு எடுப்பாரு. நல்ல மனுஷன். ஆனா ஒரு பழக்கம்... காலாண்டோ அரையாண்டோ, பேப்பர் திருத்துனா கொறைச்சுத்தான் போடுவாரு. விடை சரியா இருக்கும். "ஸ்டெப் எங்க?"ன்னு ரெண்டு மார்க்கைக் கடிப்பாரு. "கோடு வளைஞ்சிருக்கு"ன்னு ஒண்ணைக் கடிப்பாரு. ஏன்? அப்பத்தான் பிள்ளைக பயந்துபோயி பப்ளிக் பரீட்சைக்கு ஒழுங்காப் படிக்குமாம்! என்ன... சார்வாள் எல்லாம் தரையப் பாக்கீக? இங்க யாரும் அப்படிக் கெடையாதுல்லா? கெடையவே கெடையாது!

கொரோனா வந்த வருஷம் அவரு கிளாஸ்ல சண்முகக்கனின்னு ஒரு பிள்ளை. அவ அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குறவ. பிள்ளைக்குக் கணக்குன்னா உசுரு. பதினொண்ணுல கணக்கு குரூப்புல சேரணும், அது ஒண்ணுதான் ஆசை. அரையாண்டுல நூத்துக்கு எம்பத்தொரு மார்க்கு வர்ற மாதிரி எழுதியிருந்தா. சாரு போட்டது எவ்வளவு? அம்பத்து நாலு!

பிள்ளைக்கு மூக்கெல்லாம் செவந்துபோச்சு.

"என்ன சார் இது?"

"கோவம் வருதாட்டி? வரணும். பப்ளிக்ல நூறு வாங்கி எம் மூஞ்சில எறி."

"எறியத்தான் போறேன் சார்!"

எறிஞ்சிருப்பாய்யா. எறிய விட்டாத்தானே? வந்துச்சு கிருமி.

பள்ளிக்கூடத்தை மூடுனாக. மறைக்காமச் சொல்லுதேன், குருவையா சாருக்கு முதல்ல சந்தோசந்தான். சக்கரை வியாதிக்காரரு. அம்பது பிள்ளைக மூச்சுக்கு நடுவுல நிக்கணுமேன்னு பயம். வீட்டுல முருங்கைக்கீரை உருவிக்கிட்டு நிம்மதியா இருந்தாரு. பத்து நாள் ஆச்சு... கை சாக்பீஸைத் தேடுது. சம்சாரத்துக்கு வட்டத்தோட பரப்பளவு சொல்லிக் குடுக்காரு, தோசையக் காட்டி! அந்த அம்மா, "எப்பத்தான் பள்ளிக்கூடத்தைத் தெறப்பீக?"ன்னு கையெடுத்துக் கும்பிடுது. போகவும் பயம், போகாம இருக்கவும் முடியலை. தம்பி, நீங்க சொன்ன ஜாலி இதான்!

அப்புறம் பப்ளிக் பரீட்சையே கெடையாதுன்னுட்டாக. சாரு "அப்பாடா"ன்னாரு. பிள்ளைக உசுரு பெருசுல்லா? அதுக்குப் பின்னாலயே உத்தரவு வருது. பள்ளிக்கூடத்துல வச்ச பரீட்சை மார்க்கு இருக்குல்லா... அதான் இனி பப்ளிக் மார்க்கு!

சாரு அன்னைக்குச் சோறு திங்கலை. ஓடுனாரு ஹெட்மாஸ்டர்கிட்ட.

"சார், நான் போட்டது மார்க்கே இல்ல சார். பயங்காட்டப் போட்டது."

"எல்லாருந்தான் பயங்காட்டுனோம் குருவையா. பேப்பர்ல உள்ளதுதான் போகும். சும்மா இரும்."

சும்மா இருந்தாரா? பஸ்ஸு கெடையாது, சைக்கிளை மிதிச்சு மேலாபீசுக்குப் போனாரு. யாரும் கிட்ட வராம இருக்கக் கயிறு கட்டி, கயித்துக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி.

"வேணும்னே கொறைச்சீங்களா? அப்படின்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கேன் சார்."

எழுதிக் குடுத்தாருய்யா! வேலை போனாப் போகுதுன்னு எழுதிக் குடுத்தாரு! என்ன ஆச்சு? மார்க்கு மாறலை. சாருக்கு மெமோ வந்துச்சு! எப்ப வந்துச்சுங்கீக? மறுநாளே வந்துச்சு. மெமோவுக்கு மட்டும் ஊரடங்கு கெடையாது போல!

கடைசியா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு மேல்நிலைப் பள்ளிக்கூடத்துக்கே போயிட்டாரு. அங்க ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா.

"அம்மா, இந்தப் பிள்ளைகிட்ட சாக்பீஸைக் குடுங்க. எதுனாலும் கேளுங்க."

கேட்டாக. மூணு கணக்கு. முகக்கவசம் போட்டுக்கிட்டு நின்னு மூணையும் போட்டா. ஸ்டெப்போட போட்டா! அந்த அம்மா போர்டைப் பாத்தாக... கையில இருக்கிற லிஸ்டைப் பாத்தாக...

"கணக்கு சரி சார். ஆனா கணக்கு குரூப்புக்கு எழுவதுக்குக் கீழ எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வரலாறு குரூப்புல இடம் இருக்கு."

வயிறு எரியுதுய்யா எனக்கு! கணக்கு போட்ட கை கண்ணு முன்னால நிக்கி, சாக்பீஸ் தூசி கூட இன்னும் போகலை. அதை விட்டுட்டுக் காகிதத்தை நம்புனாக!

வெளிய வந்து சாரு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாரு.

"தப்பு எம்மேலதான் தாயி. நீ பயந்து நல்லாப் படிக்கணும்னுதான்..."

பிள்ளை அழலை. திட்டலை.

"பயங்காட்டாட்டியும் படிச்சிருப்பேனே சார்."

அவ்வளவுதான். வரலாறு குரூப்புல சேந்துட்டா.

இப்பச் சொல்லுங்க. பள்ளிக்கூடத்தை மூடுனது கிருமி. ஒத்துக்கிடுதேன். இருவத்தேழு மார்க்கைக் கடிச்சதும் கிருமியா? பெரியவுக நாமய்யா! நாம! பெறகு பப்ளிக்ல தானா வந்துரும்னு கடிச்சோம். பெறகுன்னு ஒரு நாள் இருக்குன்னு உங்களுக்கு யாரு எழுதிக் குடுத்தா? பிள்ளை ஒழைச்சு வாங்குனதை அன்னைக்கே குடுத்துரணும். அம்பதுக்கு எழுதுனவனுக்கு அம்பது. எம்பதுக்கு எழுதுனவளுக்கு எம்பது. திட்டணுமா? வாய் இருக்கு, நல்லாத் திட்டுங்க. மார்க்குல கை வைக்காதீக!

இந்தப் பள்ளிக்கூடத்துல அரையாண்டு முடிஞ்சு நாலு நாளாச்சு. திருத்தாத பேப்பர் கட்டு ஸ்டாஃப் ரூம்லதான் கெடக்கு.

கை தட்டாதீக சார்வாள்... போயி அந்தக் கட்டை அவுருங்க.