வரிசையில் நின்ற கணக்கு

கம்ப்யூட்டர் அறையின் ஏ.சி.யை இத்தனை வருடமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஃபில்டர் அடைத்தால் கழுவுவது நான், மெக்கானிக்குக்குப் போன் செய்து அலுத்துப்போவது நான். யாரும் ஒரு நன்றி சொன்னதில்லை. விசாரணைக் குழுவின் தலைவர் என்ற முறையில், கேசவமூர்த்தி சார், இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வேலை இதுதான். தண்ணீரில் கரைந்த நீளமான பாலிமர் இழை, அதன் உடம்பெல்லாம் எதிர்மின்சுமை. சுற்றிலும் கால்சியம் அயனிகள். அவை இழையோடு ஒட்டிக்கொள்கின்றனவா, தள்ளி நிற்கின்றனவா என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்போம். தள்ளி நிற்கின்றன என்று நான் கட்டுரை எழுதியிருந்தேன். ஒப்பந்த வேலையிலேயே தேய்ந்துகொண்டிருந்த என் பெயர், நிரந்தர வேலைக்கான பரிந்துரைப் பட்டியலுக்குப் போனது அந்தக் கட்டுரையால்தான்.

அந்தச் சமயம் பார்த்து, கொள்ளேகாலிலிருந்து அனுப்ரியா முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி. அவளுடைய முதல் கணக்கிலேயே அயனிகள் இழையில் அப்பிக்கொண்டன.

"சார், உங்க பேப்பர்ல இருக்கற மாதிரி வரலைங்க. நான் எங்கியோ தப்புப் பண்ணிட்டனுங்களா?" என்று கேட்டாள்.

தப்பு என்னுடையது. அது எனக்கு அன்றே புரிந்துவிட்டது. வயிறு எரிந்தது, சார். "இன்னொரு தடவை ஓட்டிப் பாரும்மா" என்றேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் கொடுத்த கணக்கு உடனே ஓடாது, வரிசையில் நிற்கும். அயனியின் அளவு முதலான எண்கள் பொதுவான ஒரு ஃபைலில் இருக்கும். கணக்குத் தொடங்கும் அந்த நேரத்தில் மட்டும் கம்ப்யூட்டர் அதைப் படிக்கும். பராமரிப்பு என் பொறுப்பு. அவள் முறை வரும்போது கால்சியத்தைச் சற்றுப் பெரிதாக்குவேன். ஓடத் தொடங்கியதும் பழைய எண்ணைத் திருப்பி வைத்துவிடுவேன். பெரிய அயனி இழையை அவ்வளவாக நெருங்காது. அவள் எப்போது திறந்து பார்த்தாலும் ஃபைல் சரியாகத்தான் இருக்கும்.

அவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "அதே ஃபைல், அதே நம்பர், விடை மட்டும் எப்படிங்க மாறும்?" என்று திரும்பத் திரும்ப ஓட்டினாள். சாப்பாடு குறைந்தது. "யாரோ என்னோட ஃபைலைத் தொடறாங்க சார்" என்று சொல்ல ஆரம்பித்தாள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

அவள் அம்மா அஞ்சலை பஸ் பிடித்து வந்தார். "எம்புள்ள தூக்கத்துலயும் நம்பரையே சொல்லிட்டிருக்குதுங்க. நான் என்னங்க சார் பண்றது?" என்று அழுதார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இப்படிச் சந்தேகப்படுவது ஒரு வியாதி, குணப்படுத்திவிடலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஊருக்குள்ளேயே விஜயநகர்ப் பகுதியில் எனக்குத் தெரிந்த மனநல மருத்துவர் ஒருவர் உண்டு. இருவரையும் என் காரிலேயே கூட்டிப்போனேன். அறிகுறிகளை டாக்டரிடம் விவரித்ததும் நான்தான்.

மாத்திரை வேலை செய்தது. கை லேசாக நடுங்கியது, ஆனால் தூங்கினாள். கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டாள். என் கட்டுரைக்கு ஒத்த மாதிரி ஓர் அத்தியாயம் எழுதிக் கொடுத்தாள்.

போன மாத மழையில் கரண்ட் போனது, ஜெனரேட்டரும் காலை வாரிவிட்டது. பாதியில் நின்ற அவள் கணக்கு, கரண்ட் வந்ததும் தானாகவே முதலிலிருந்து ஓடியிருக்கிறது. நான் மகளின் பிறந்தநாளுக்காக வீட்டில் இருந்தேன். ஃபைலில் இருந்ததோ சரியான எண். அயனிகள் மறுபடியும் இழையில் அப்பிக்கொண்டன.

கணக்கின் முடிவில் கிடைத்த படத்தோடு அனுப்ரியா நேராக என்னிடம் வந்தாள். அவளுக்குச் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

"மறுபடியும் அப்படித் தெரியுதுங்க சார். மாத்திரையக் கூட்டோணுங்களா?"

டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்று கார் சாவியை எடுத்தேன். பக்கத்து இருக்கை மாணவி ஸ்ரீதேவி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான் தெரியுது, அனு" என்றாள். பிறகு அவள்தான் ஃபைலை யார் திறந்தது என்று கம்ப்யூட்டரில் தேடி உங்களிடம் வந்தாள்.

ஆமாம், ஒவ்வொரு தடவையும் மாற்றியது நான்தான். அனுப்ரியாவிடம் இன்னும் யாரும் இதைச் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்தப் பொறுப்பை என்னிடம் விடுங்கள், சார். என் வாயால் கேட்டால்தான் அவள் தாங்குவாள்.