சிவப்புப் போன இரும்பு

முதலாண்டு வகுப்பை எங்கள் கல்லூரியில் எந்த வாத்தியாரும் விரும்பி எடுப்பதில்லை. பாலம் கட்டுவது, நீராவி எந்திரம், மின்சாரம் என்று மேல்வகுப்புகளுக்குத்தான் போட்டி. உற்பத்தி முறைகளுக்கு அறிமுகம் என்கிற என் பாடத்தில் புதுமை ஒன்றும் கிடையாது. உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது, காய்ச்சி அடிப்பது, கடைவது, ஒட்டுவது, அவ்வளவுதான். நான் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலையில் எனக்குப் பிரியம் உண்டு என்பதை நீங்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா.

என் பெயர் பொன்ராஜ். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் தனியாகக் குடியிருக்கிறேன். காலையில் சைக்கிளில் ஆற்றைத் தாண்டிக் கிண்டிப் பக்கம் போனால், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். யுத்தம் வந்ததிலிருந்து பட்டறைகளுக்கு ஆள் போதவில்லை என்று கல்லூரியில் பையன்களை ஏராளமாகச் சேர்க்கிறார்கள். வருகிறவர்கள் வீட்டில் ஓர் ஆணிகூட அடித்துப் பார்க்காதவர்கள். அவர்கள் கையில் சுத்தியலையும் நெருப்பையும் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது.

நான் சேர்ந்த வருஷம் தற்செயலாக ஒன்று நடந்தது. காய்ச்சிய இரும்பு சிவப்பாக இருக்கும் வரை யாரும் தொட மாட்டார்கள். சிவப்புப் போய்க் கறுத்த பிறகும் தோலை உரித்தெடுக்கும் சூடு அதில் இருக்கும், பார்த்தால் தெரியாது. அப்படி ஒரு துண்டை ஒரு பையன் வெறுங்கையால் எடுத்துவிட்டான். அவன் போட்ட சத்தத்துக்குப் பிறகு வகுப்பு மாறிப்போனது. நான் வாய் திறந்தால் ஈ பறக்கிற சத்தம் கேட்கும். அந்த வருஷம் முழுக்க ஒருவனுக்கும் கீறல்கூட இல்லை.

மறுவருஷம் அப்படி எதுவும் நடக்கவில்லை. எச்சரிக்கையெல்லாம் வாயால் சொன்னேன். கேட்டுக்கொண்டே சிரித்துப் பேசினார்கள். தை மாதம் ஒருவனுடைய சட்டைக் கையை லேத் என்கிற கடைசல் எந்திரம் இழுத்துக்கொண்டது, விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று யோசித்தேன். ஆரம்பத்திலேயே ஒருவனுக்குச் சின்னதாகச் சுட்டிருந்தால் இவன் விரல் தப்பியிருக்கும். இதில் என்ன தப்பு இருக்கிறது என்று நீங்களும் நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும், கொல்லுப்பட்டறை வகுப்பின் முதல் நாள், இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைமேல் கறுத்த இரும்பு ஒன்று இருக்கும். ஒரு பையனைக் கூப்பிட்டு எடுத்துவரச் சொல்வேன்.

யாரைக் கூப்பிடுவது என்பதுதான் கஷ்டம். முதலில் குறும்புக்காரனைக் கூப்பிட்டேன். அவன் துடித்தபோது மற்றவர்கள் சிரித்தார்கள், பாடம் வீணாகிவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லோருக்கும் பிடித்த பையனாக இருக்க வேண்டும். அவன் அழுதால் வகுப்பே அழும், மறக்கவும் மறக்காது. தணிகாசலம் என்று ஒரு பையன், புல்லாங்குழல் நன்றாக வாசிப்பான். அவனைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். அந்த வருஷம் மிக நல்ல வருஷம். அவன் இப்போது வாசிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன்.

இந்த வருஷம் கரீமுல்லாவைக் கூப்பிட்டேன். அவன் அப்பா அப்துல் வஹீத் கச்சேரி ரோட்டுப் பக்கம் டிரங்குப் பெட்டி செய்து விற்கிறவர். பையன் மெலிந்தவன், மரியாதை தெரிந்தவன். கணக்குப் புரியாதவர்களை மரத்தடியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பான். அவனைவிடப் பொருத்தமானவன் அந்த வகுப்பில் இல்லை.

அவன் பட்டடைக்குப் போனான். கையை நீட்டியவன் நிறுத்தினான். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் விரல்களை நனைத்து இரும்பின்மேல் உதறினான். சொய்யென்று ஆவி எழுந்தது. இடுக்கியால் எடுத்து என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தான்.

"இன்னும் சூடு இருக்கு சார். எங்கம்மா தோசைக்கல்லைத் தண்ணி தெளிச்சுத்தான் பார்ப்பாங்க" என்றான்.

எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. கெட்டிக்காரன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். ஆனால் வகுப்பு பயத்தைப் பார்க்கவில்லை. விளையாட்டைப் பார்த்துவிட்டது. அன்று சாயங்காலமே உலைக்குப் பக்கத்தில் இருவர் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பாடம் தேவைப்பட்டது.

அடுத்த வாரம் வார்ப்படம். மணலை லேசாக ஈரப்படுத்திக் கெட்டித்து அச்சுச் செய்து, மேலே விட்ட துளை வழியாக உருக்கிய பித்தளையை ஊற்றுவார்கள். அச்சுக்குள் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. இருந்தால் பித்தளை பட்ட நொடியில் அது ஆவியாகி, உலோகத்தை வந்த வழியே திருப்பி வீசும். நான் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம்தான் இது.

அச்சுகளைச் செய்துவைத்தவன் பொன்னுரங்கம், அங்கே வெகுகாலமாக வேலை பார்க்கிறவன். அவன் வேலையில் குறை இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அவன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பூவாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கரீமுல்லாவுக்கென்று வைத்திருந்த அச்சின் துளையில் தண்ணீர் விட்டேன். கொஞ்சம் விட்டால் கை மட்டும் வேகும் என்று நினைத்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் விட்டேன்.

மற்ற பையன்களைச் சுவரோரமாகத் தள்ளி நிற்கச் சொன்னேன். அவர்கள் பாதுகாப்பு என் பொறுப்பு. கரீமுல்லா அகப்பையில் பித்தளையை ஏந்திக்கொண்டு வந்தான். அகப்பையை ஒரு கையில் பிடித்தபடி மறு கையால் அச்சைச் சுற்றிலும் மணலைத் தொட்டுப் பார்த்தான். மூடிய அச்சின் உள்ளே இருப்பதை வெளியே தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஊத்தலாமா சார்?"

"ஊத்து" என்றேன்.

அந்தச் சத்தத்தைப் பற்றிப் பையன்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வாசலில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பித்தளை அவன் முகத்துக்கு வந்தது. அவன் விழுந்தபோதுகூட அகப்பையை மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்தான் என்பதைக் கவனித்தேன். இந்த வருஷத்தில் நான் பார்த்த மிகச் சரியான கையாளுகை அது.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனேன். முகம் முழுக்கக் கட்டு. கண் இரண்டும் போய்விட்டது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவன் அம்மா ஜமீலுன்னிசா என்னைப் பார்த்ததும் எழுந்து முக்காலியைக் கொடுத்தார். வேறு எந்த வாத்தியாரும் எட்டிப் பார்க்கவில்லை, நான் வந்ததே பெரிய ஆறுதல் என்றார். வீட்டிலிருந்து கொண்டுவந்த டீயை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.

ஒரு நாள் அந்த அம்மாள் மருந்து வாங்கப் போயிருந்தார். கரீமுல்லா என் குரலை அடையாளம் கண்டு, கையைத் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"சார், நான் சரியாப் பார்க்கலையா? நான் தொட்டுப் பார்த்தேனே."

"இன்னும் கவனமா பார்த்திருக்கணும், கரீமுல்லா."

"என் தப்புதான் சார். பொன்னுரங்கத்தை ஒண்ணும் சொல்ல வேணாம்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அந்த வார முடிவில் அவன் இறந்துவிட்டான். தன்னுடைய தப்பு என்ன என்று தெரிந்துகொண்டு போனான் என்பதில் எனக்குத் திருப்தி. காரணம் தெரியாமல் சாவது இன்னும் கொடுமை.

பொன்னுரங்கத்தைப் பற்றி நானாக யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மணலில் தண்ணீரை அதிகமாக விட்டுவிட்டான் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். நீங்களும் அவனைப் பிடித்து வைத்தீர்கள். என்னைக் கேட்டார்கள். அவன் கவனக்குறைவானவனா என்று எனக்குத் தெரியாது என்று பதில் சொன்னேன். அது பொய் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவன் மனைவி முனியம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். வெயிலில் செருப்பில்லாமல் அடையாற்றுக் கரையிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு உள்ள கீறாரு சார். சோறு துன்ன மாட்டேன்றாராம். அந்தப் புள்ளைய நான்தான் கொன்னுட்டனோன்னு அழுதுகினே கீறாராம். நீ வாத்தியாரு, கூடவே இருந்த. அவரு மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு சார், அது போதும்."

எனக்கு அதில் ஒன்றும் தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பொழுது சாயும் வரை அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் மறுநாள் வகுப்புக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. வகுப்புப் பையன்கள் ஒவ்வொருவர் வீடாகத் தேடிப் போயிருக்கிறாள். தியாகராய நகரில் ஷரீஃப் வீட்டுக்குப் போனபோது அவன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டானாம். அவன் கரீமுல்லாவின் சிநேகிதன். அன்று மத்தியானம் பூவாளியோடு நான் வெளியே வந்ததைப் பார்த்தவன். வாத்தியாரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று இத்தனை நாள் பயந்து கிடந்திருக்கிறான். இன்று காலை அவன் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. பொன்னுரங்கத்தை விட்டுவிடுங்கள். தண்ணீர் விட்டவன் நான்தான், ஆள் யாரென்று தெரிந்தே விட்டேன்.

ஆனால் நீங்கள் சற்று முன் கேட்டது சரியான கேள்வி இல்லை. கரீமுல்லா தண்ணீர் தெளித்துக் காட்டினான், பையன்கள் எல்லோரும் பார்த்தார்கள், நான் சொல்ல நினைத்த பாடம் ஒருவனுக்கும் தோல் உரியாமல் அன்றைக்கே முடிந்துவிட்டதே, பிறகு எதற்கு இரண்டாவது பாடம் என்று கேட்டீர்கள். வகுப்பறையில் நிற்காதவர்களுக்கு இது புரியாது. பார்ப்பது வேறு, பதிவது வேறு.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அவன் இடுக்கியோடு என் மேஜைக்கு வந்தபோது பையன்கள் கைதட்டினார்கள். பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். நான் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பட்டறையில் யாரும் கைதட்டிக் கேட்டதில்லை. நானும் தட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.